வலைப்பக்கத்துக்குள் ஆர் மொழி: கணக்கு எங்கே நடக்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது. கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் ஒருவர் தன் பாடக்குறிப்புகளை வலைப்பக்கங்களாக வெளியிட்டு வருகிறார். மாணவர்கள் அந்தப் பக்கத்திலேயே, புள்ளியியலுக்கென்றே உள்ள ஆர் மொழி நிரலைத் திருத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும், ஸ்லைடரை இழுத்தால் வரைபடம் மாற வேண்டும் என்பது அவர் விருப்பம். மாதாமாதம் சர்வர் வாடகை கட்ட அவருக்கு வழியில்லை. "ஷைனியை விட்டால் வேறு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். ஷைனி என்பது ஆர் நிரலைச் சர்வரில் ஓட்டி, ஸ்லைடரும் பொத்தானும் உள்ள வலைச் செயலியாக்கும் கருவி.

உண்டு. ஆனால் கருவியின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மாணவர் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் ஆர் எங்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்? உங்கள் கணினியில் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கலாம். எங்கோ ஒரு சர்வரில் ஓடலாம். மாணவரின் உலாவிக்குள்ளேயே ஓடலாம். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்துவிட்டால் செலவு, வேகம், பாதுகாப்பு எல்லாம் தாமாகவே முடிவாகிவிடும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிரபலமான கருவியை எடுத்துக்கொண்டு, பிறகு அது கேட்கும் சர்வருக்காக அலைகிறார்கள்.

ஷைனியையே எடுத்துக்கொள்வோம். ஜோ செங் முன்னின்று உருவாக்க, ஆர்ஸ்டுடியோ நிறுவனம் 2012இல் இதை வெளியிட்டது. அந்த நிறுவனத்துக்கு இப்போது பாசிட் என்று பெயர். அவர்களின் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் புதிய ஷைனி செயலி ஒன்றைத் தொடங்கினால் மாதிரியாக ஒரு நிரல் வந்து நிற்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் இருக்கும் ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று ஒரு முறை பீறிட்டபின் அடுத்த முறைக்கு எத்தனை நிமிடம் காக்க வேண்டியிருந்தது என்பதன் ஹிஸ்டோகிராம் அது. ஆர் மொழியோடு கூடவே வரும் அந்தத் தரவில் 272 பதிவுகள் இருக்கின்றன. பட்டைகளின் எண்ணிக்கையை 1 முதல் 50 வரை மாற்ற ஒரு ஸ்லைடர். அதை இழுத்தால் உலாவி புதிய எண்ணை வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பு வழியாகச் சர்வருக்கு அனுப்பும். அங்கே காத்திருக்கும் ஆர் படத்தை மறுபடி வரைந்து திருப்பி அனுப்பும்.

இதில் ஆர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் எது? 272 முழு எண்களை எழுத்தாக எழுதினால் ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அவற்றைப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் பட்டை பிரிக்கும் வேலையை நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம் என்றாலும் ஸ்லைடருக்கு ஐம்பதே நிலைகள்தான். ஐம்பது படங்களையும் முன்கூட்டியே வரைந்து வைத்துவிட்டு, ஸ்லைடர் நகரும்போது படத்தை மட்டும் மாற்றினால் போதும். ஷைனியைப் பலருக்கும் அறிமுகப்படுத்திய உதாரணத்துக்கே ஷைனி தேவையில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பக்கங்களில் பாதி இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. முதலில் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள்.

அந்தப் பாதிக்கு உதவுபவை எச்டிஎம்எல்விட்ஜெட்ஸ் என்ற பேக்கேஜின் (ஆருக்கான துணை நிரல் தொகுப்பின்) மேல் எழுந்தவை: வரைபடத்துக்கு பிளாட்லி, நிலப்படத்துக்கு லீஃப்லெட், அட்டவணைக்கு டிடி. நீங்கள் எழுதுவது ஆர் நிரல். வெளியே வருவது ஜாவாஸ்கிரிப்ட். ஆர் தன் வேலையை உங்கள் கணினியில் முடித்துக்கொண்டு போய்விடுகிறது. தரவு ஜேசன் என்ற உரை வடிவில் பக்கத்தோடு பயணிக்கிறது. பெரிதாக்குவது, வடிகட்டுவது, புள்ளியின் மேல் சுட்டியை வைத்தால் விவரம் காட்டுவது எல்லாம் உலாவியின் வேலை. கிராஸ்டாக் பேக்கேஜைச் சேர்த்தால் அட்டவணையில் தேர்ந்தெடுத்த வரிகள் பக்கத்துப் படத்திலும் ஒளிரும். ஆனால் தேர்ந்தெடுத்த வரிகளுக்கு மட்டும் சராசரியை மறுபடி கணக்கிடு என்றால் கிராஸ்டாக்கால் ஆகாது. ஒரு எச்சரிக்கை. தரவு பக்கத்தோடு பயணிக்கிறது என்றால் அது முழுவதுமாகப் பயணிக்கிறது. படத்தில் வட்டமாக மட்டும் தெரியும் ஒவ்வொரு நோயாளியின் இருப்பிடமும், தரவு அட்டவணையில் நீங்கள் காட்ட நினைக்காத பத்திகளும், பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பவருக்குத் தெரியும். விட்ஜெட்டிடம் கொடுப்பதற்கு முன்பே வேண்டாத பத்திகளைக் கழித்துவிடுங்கள்.

சர்வர் வழி பழையது. மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் பேன்ஃபீல்ட் உருவாக்கிய ஆர்வெப், 1999லேயே படிவத்தில் தட்டிய நிரலைச் சர்வரில் ஓட்டி விடையைப் பக்கமாகத் திருப்பித் தந்தது. பிறகு சைமன் அர்பனெக்கின் ஆர்சர்வ், ஜெரோன் ஊம்ஸின் ஓபன்சிபியு, ஆர் சார்புகளை (ஃபங்ஷன்களை) அப்படியே வலை ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் வலை வழியாகக் கூப்பிடும் முகப்பு, ஆக்கித் தரும் பிளம்பர் என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல் இரண்டு. ஒன்று, ஆர் ஒரே இழையில் ஓடுவது. ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கும் ரயில் முன்பதிவு நிலையம் மாதிரி, முன்னால் நிற்பவரின் வேலை முடியும் வரை பின்னால் இருப்பவர்கள் நகர முடியாது. இலவசமாகக் கிடைக்கும் ஷைனி சர்வர் ஒரு செயலிக்கு ஒரு ஆர் புராசஸ்தான், அதாவது ஓடும் ஆர் ஒன்றுதான் தரும். அறுபது மாணவர்கள் ஒரே நேரத்தில் பத்து விநாடிக் கணக்கு ஒன்றைத் தட்டினால் கடைசி மாணவருக்கு விடை வர பத்து நிமிடம். அதற்குள் அவர் இணைப்பு அறுந்து, பக்கம் சாம்பல் பூத்து உறைந்திருக்கும். நீண்ட கணக்குகளைப் பின்னணிக்குத் தள்ளும் வழிகள் இப்போது வந்துவிட்டன. அவையும் வேறு புராசஸ்களைக் கேட்கும். அதாவது கூடுதல் நினைவகம், கூடுதல் வாடகை.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. மாணவரே நிரல் எழுதி ஓட்ட வேண்டும் என்கிறீர்கள். சர்வரில் அதை அனுமதிப்பது, முன்பின் தெரியாதவரிடம் உங்கள் கணினியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து கொடுப்பதற்குச் சமம். ஆர் மொழியில் கோப்புகளை அழிக்கலாம். இயங்குதளக் கட்டளைகளை ஓட்டலாம். பிணையத்துக்குள் நுழைந்து துழாவலாம். "ஆபத்தான சார்புகளை மட்டும் தடுத்துவிடுகிறேன்" என்று பலர் முயல்வார்கள். அது வேலைக்கு ஆகாது. சார்பின் பெயரைத் துண்டு துண்டாக ஒட்டிக் கூப்பிட ஆரில் ஆயிரம் வழி உண்டு. ஊம்ஸ் இந்தத் தடையை ஆர் மொழிக்குள் வைக்காமல், லினக்ஸின் ஆப்ஆர்மர் என்ற காவல் வசதி வழியாக இயங்குதளத்திடமே ஒப்படைத்தது இதனால்தான். அந்த அளவுக்குச் சர்வர் நிர்வாகம் தெரிந்த ஆள் உங்கள் துறையில் இல்லையென்றால் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

எஞ்சியது உலாவி. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: வெப்ஆர். ஆர் மொழி மொத்தத்தையும், உலாவிகள் ஓட்டக்கூடிய வெப்அசெம்பிளி என்ற நிரல் வடிவமாகத் தொகுத்து உலாவிக்குள் ஓடவிடும் திட்டம் இது. ஜார்ஜ் ஸ்டாக் இதைத் தொடங்கினார். முதல் பதிப்பான 0.1.0 மார்ச் 2023இல் வந்தது. வெப்அசெம்பிளியோ 2019 டிசம்பரிலேயே வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் தரநிலை ஆகிவிட்டது. பைத்தானை உலாவிக்குக் கொண்டுவந்த பையோடைட் அதற்கும் முன்பே இருந்தது. ஆர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கலாம். அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால், பின்னால் உங்கள் பக்கம் மக்கர் செய்யும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது புரியும்.

முதல் காரணம் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழி. ஆர் மொழியின் உள்ளே சி நிரலும் ஃபோர்ட்ரான் நிரலும் கலந்து கிடக்கின்றன. நீங்கள் வகுப்பில் முதல் வாரத்தில் சொல்லித்தரும் நேர்கோட்டுப் பொருத்தம், அதாவது 'எல்எம்', கடைசியில் போய் நிற்பது லின்பேக் என்ற பழைய கணித நிரல் தொகுப்பின் காலத்து ஃபோர்ட்ரான் நிரலொன்றில். சி நிரலை வெப்அசெம்பிளியாக மாற்ற எம்ஸ்கிரிப்டன் இருக்கிறது. ஃபோர்ட்ரானுக்கு அப்படி எதுவும் அப்போது தயாராக இருக்கவில்லை. ஃபோர்ட்ரானைச் சியாக மொழிமாற்றும் பழைய கருவி ஃபோர்ட்ரான் 77ஓடு நின்றுவிடும். ஸ்டாக், எல்எல்விஎம் திட்டத்தின் ஃபிளாங் என்ற ஃபோர்ட்ரான் தொகுப்பியையே திருத்தி, வெப்அசெம்பிளிக்குத் தொகுக்கும்படி செய்தார்.

இரண்டாவது காரணம் ஆர் வளர்ந்த விதம். 1976இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய எஸ் மொழியின் வாரிசு இது. முனையத்தின் முன் உட்கார்ந்த ஒருவர் ஒரு வரி தட்டுவார், மொழி விடை சொல்லும், அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பு உலாவிக்கு ஒத்துவராது. பக்கத்தின் முதன்மை இழை ஒரு கணம் நின்றாலும் பக்கம் உறைந்துபோகும். அதனால் வெப்ஆர், ஆரை ஒரு வெப் வொர்க்கருக்குள், அதாவது உலாவியின் பின்னணியில், தனி இழையில் வைக்கிறது. வொர்க்கர் நிம்மதியாகத் தூங்கிக் காத்திருக்க, இரண்டு இழைகளுக்கும் பொதுவான ஒரு நினைவகத் துண்டு வேண்டும். ஷேர்டுஅரேபஃபர் என்று அதற்குப் பெயர். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற கணினிச் சில்லு (பிராசசர்) குறைபாடு வெளியானதும் உலாவிகள் எல்லாம் அதை அணைத்துவிட்டன. பிறகு ஒரு நிபந்தனையோடு திரும்பக் கொடுத்தன: பக்கத்தை அனுப்பும் சர்வர், இந்தப் பக்கம் மற்ற தளங்களிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டது என்று அறிவிக்கும் இரண்டு எச்டிடிபி தலைப்புகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

உங்களுக்கு இது ஏன் முக்கியம்? நீங்கள் இலவசமாகப் பக்கம் வைக்கப் போகும் கிட்ஹப் பேஜஸில் அந்தத் தலைப்புகளைச் சேர்க்க வழியில்லை. நெட்லிஃபையில் உண்டு. தலைப்புகள் இல்லாவிட்டாலும் வெப்ஆர் ஓடும். போஸ்ட்மெசேஜ் என்ற எளிய வழிக்கு மாறிக்கொள்ளும். ஆனால் அந்த வழியில் ஓடும் நிரலை நடுவில் நிறுத்த முடியாது. பயனரிடம் ஒரு வரி கேட்டு வாங்கும் 'ரீட்லைன்' போன்றவையும் வேலை செய்யா. மாணவர் ஒருவர் முடிவில்லாத லூப் எழுதிவிட்டால் பக்கம் உறையாது, உருட்டிப் படிக்கலாம். ஆனால் ஆர் திரும்பி வராது. பக்கத்தை மறுபடி ஏற்றச் சொல்ல வேண்டியதுதான். வகுப்புக்கு இது பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை.

இனி செய்முறை. ஜாவாஸ்கிரிப்ட் எழுத விரும்பாதவருக்கு, உரையும் நிரலும் கலந்த கோப்பை வலைப்பக்கமாக்கும் குவார்ட்டோதான் எளிது. பாடத்தை அதன் கோப்பாக எழுதுங்கள். மேலே குவார்ட்டோ-லைவ் நீட்சியைச் சேருங்கள். அதை எழுதியவரும் ஸ்டாக்தான். ஜேம்ஸ் பாலமுட்டாவின் குவார்ட்டோ-வெப்ஆர் நீட்சி இதற்கு முன்பே வந்தது, அதுவும் நன்றாகவே ஓடுகிறது. பயிற்சிக் கணக்குகள் வைக்க லைவ் வசதி என்பதால் அதைச் சொல்கிறேன். வழக்கமாக 'ஆர்' என்று குறிக்கும் நிரல்கட்டத்தை 'வெப்ஆர்' என்று குறித்தால் பக்கத்தில் அது திருத்தக்கூடிய பெட்டியாக, ஓட்டும் பொத்தானோடு வந்து நிற்கும். தேவையான பேக்கேஜ்களின் பெயரைக் கோப்பின் முகப்பில் எழுதிவிட்டால் பக்கம் திறக்கும்போதே இறங்கிவிடும். பயிற்சி ஒன்றுக்குக் குறிப்பும் விடையும் தனித்தனியாக இணைக்கலாம். ஸ்லைடர் வேண்டுமென்றால் குவார்ட்டோவிலேயே இருக்கும் அப்சர்வபிள் உள்ளீடுகளை வைத்து, அதன் மதிப்பை வெப்ஆர் கட்டத்துக்கு உள்ளீடாகக் கொடுங்கள். ஸ்லைடர் நகர்ந்தால் கட்டம் தானாக மறுபடி ஓடும். ஓல்டு ஃபெய்த்ஃபுல் தரவின் இடைநிலையை பூட்ஸ்ட்ராப் செய்து, அதாவது அதே தரவிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்துக் கணக்கிட்டு, மாதிரிகளின் எண்ணிக்கையை ஸ்லைடரில் வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே வரைந்து வைக்க முடியாத, ஆர் நிஜமாகவே தேவைப்படும் பக்கம் என்றால் அதுதான்.

ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் வெப்ஆரை நேரடியாகக் கூப்பிடலாம். அவர்களுக்கு இரண்டே குறிப்புகள். வாசகர் தட்டிய சொல்லை நிரல் வரியோடு ஒட்டி ஓட்டாதீர்கள். அதை மாறியாக ஆரின் சூழலுக்குள் அனுப்ப வசதி இருக்கிறது. இல்லையேல் ஒரு மேற்கோள் குறி வந்தாலே எல்லாம் சிதறும். இன்னொன்று, ஆர் திருப்பித் தரும் பொருள்கள் தாமாக அழியா. ஷெல்டர் என்ற கூட்டுக்குள் வேலையை நடத்தி, முடிந்ததும் கூட்டைக் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஸ்லைடரை ஐந்து நிமிடம் ஆட்டுபவரின் நினைவகம் வீங்கிக்கொண்டே போகும்.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். வெப்ஆர் 32 பிட் முகவரியில் ஓடுவதால் நினைவகம் 4 ஜிபியைத் தாண்டாது. கைப்பேசியில் அதற்கு வெகு முன்பே மூச்சு வாங்கும். சாதாரண ஆரைவிட மெதுவாகத்தான் ஓடும். முதல் முறை திறக்கும்போது பல மெகாபைட் இறங்கும்; மாணவர்கள் தங்கள் டேட்டாவில் திறக்கிறார்கள் என்றால் டைடிவெர்ஸ் என்ற பேக்கேஜ் கூட்டம் முழுவதையும் இழுக்காமல், தேவையான ஒன்றிரண்டு பேக்கேஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான சிரானில் இருப்பவற்றில் பெரும்பகுதி வெப்அசெம்பிளிக்காக ஏற்கெனவே தொகுத்துத் தரப்பட்டிருக்கிறது. ஆனால் உலாவிக்குள் சி++ தொகுப்பி கிடையாது. அதனால் ஓடும் நேரத்தில் மாதிரியைத் தொகுக்க வேண்டிய ஆர்ஸ்டான் போன்ற பேக்கேஜ்கள் ஓடா. பேயீசியன் பாடத்துக்கு இது நிஜமான இழப்பு. தரவுத்தளத்தோடு நேரடியாக இணைவதும் நடக்காது, உலாவி அந்த மாதிரி இணைப்புகளை அனுமதிப்பதில்லை. வேறு தளத்திலிருந்து கோப்பை வாசிக்க வேண்டுமானால் அந்தத் தளம் சிஓஆர்எஸ் என்ற, மற்ற தளப் பக்கங்கள் வாசிக்கும் அனுமதியைத் தந்திருக்க வேண்டும். தரவுக் கோப்பை உங்கள் பக்கத்தோடு சேர்த்தே வைத்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

தமிழில் பாடம் எழுதுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆரில் தமிழ் அச்சுப்பெயர் வைத்த படத்தை வழக்கமான பிடிஎஃப் சாதனத்தில் எடுத்தால் எழுத்துக்குப் பதில் புள்ளிகள் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்; கெய்ரோ என்ற வேறொரு வரைகருவி வழியாக எடுத்தால்தான் சரியாகும். சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை என்றால் வெறும் கட்டங்கள் வரும். வெப்ஆரின் கேன்வாஸ் சாதனம் எழுத்துகளை வரையும் பொறுப்பை உலாவியிடமே விட்டுவிடுகிறது. வாசகரின் கருவியில் தமிழ் தெரிகிறது என்றால் படத்திலும் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பிடித்துப்போனது என்றாலும் தவறில்லை.

ஏற்கெனவே ஷைனி செயலிகள் எழுதி வைத்திருந்தால் அவற்றை வீணாக்க வேண்டாம். ஷைனிலைவ் என்ற பேக்கேஜ் ஒரு செயலியை, வெப்ஆரையும் சேர்த்து, ஆர் ஓட்டும் சர்வர் தேவைப்படாத கோப்புகளாக மாற்றித் தரும். அறுபது பேர் திறந்தால் அறுபது பேரின் கருவியிலும் தனித்தனி ஆர் ஓடும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஷைனியில் சர்வர் பகுதி நிரலை வாசகர் பார்க்க முடியாது என்று பழகிவிட்டார்கள். ஷைனிலைவில் அதுவும் வாசகரிடம்தான் போகிறது. நிரலுக்குள் எழுதி வைத்த கடவுச்சொல், ஏபிஐ சாவி, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கூடவே போகும். ரகசியத் தரவோடு வேலை செய்யும் செயலி என்றால் அதற்குச் சர்வர்தான் சரி, செலவானாலும் சரி. பயிற்சிக் கணக்குகளின் விடைகளுக்கும் இதே நிலைதான். குவார்ட்டோ-லைவ் விடையைச் சரிபார்க்கிறது என்றால் அந்த விடை பக்கத்துக்குள்தான் எங்கோ ஒளிந்திருக்கிறது. படிப்பதற்கு வையுங்கள், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கு வைக்காதீர்கள்.

பதிப்பு எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்ஆரை நேரடியாகக் கூப்பிடுபவர்கள் முகவரியில் 'லேட்டஸ்ட்' என்று போடாமல் குறிப்பிட்ட பதிப்பை எழுதுங்கள். இல்லாவிட்டால் செமஸ்டர் நடுவில் ஒரு நாள் பக்கம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பழைய பாடப்புத்தகத்தில் இருக்கும் சமவாய்ப்பு எண்கள் வரவில்லை என்று மாணவர்கள் சொன்னால் வெப்ஆரைச் சந்தேகிக்க வேண்டாம். 2019இல் வந்த ஆர் 3.6.0இல் 'சாம்பிள்' சார்பு எண் பொறுக்கும் முறையே மாறிவிட்டது. சமவாய்ப்பு எண்களைத் தொடங்கிவைக்கும் அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் அதற்கு முந்தைய விடை வராது. பழைய முறையைக் கேட்டு வாங்க 'செட்.சீட்' சார்பிலேயே வழி இருக்கிறது.

கடைசியாக, முதல் நாளே எல்லோரும் வந்து நிற்கும் இடம்: பக்கத்தைத் தயாரித்துவிட்டு, கோப்புறையில் இருக்கும் கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறந்தால் ஆர் ஏறாது. வொர்க்கர் ஓட வேண்டுமானால் பக்கம் ஒரு சர்வர் வழியாகவே வர வேண்டும். உங்கள் கணினியில் சோதிக்க குவார்ட்டோவின் முன்னோட்டக் கட்டளையே போதும், அது ஒரு சிறு சர்வரைத் தானே கிளப்பிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் வெளித்தளங்கள் தடுக்கப்பட்டிருந்தால் வெப்ஆரின் கோப்புகளையும் தேவையான பேக்கேஜ்களையும் உள்பிணையத்துக் கணினி ஒன்றில் வைத்து அங்கிருந்தே ஏற்றலாம். அந்தக் கணினிக்கு வேலை கோப்புகளை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என்பதால், மூலையில் கிடக்கும் பழைய கணினியே அதற்குப் போதும்.